பழனி பாதயாத்திரை: முதலில் படுக்கிற இடம், அப்புறம் பை

கார்த்திகை பிறந்துவிட்டால் போதும், "அக்கா, இந்தத் தடவை நானும் பழனிக்கு நடந்து வர்றேன். என்னென்ன எடுத்து வைக்கணும்?" என்று தெருவில் யாராவது நிறுத்திக் கேட்பார்கள். "ராத்திரி எங்க படுக்கப்போறோம்னு முடிவாகட்டும், அப்புறம் சொல்றேன்" என்பேன். பட்டியல் கேட்டு வந்தவர்களுக்கு இது தட்டிக் கழிப்பதுபோலத்தான் தெரியும். ஆனால் பையில் என்ன ஏறுகிறது என்பதைப் பாதிக்குமேல் முடிவு செய்வது இரவுத் தங்கல்தான். கல்யாண மண்டபத்தில் படுப்பவருக்கு ஒரு விரிப்பும் போர்வையும் போதும். பள்ளிக்கூடத் தாழ்வாரம் என்றால் கொசுவுக்கும் வாடைக்காற்றுக்கும் தனியாக யோசிக்க வேண்டும். தென்னந்தோப்பு என்றால் அதற்கு மேல் பனிக்கு ஒரு தார்ப்பாய்.

நாங்கள் சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, சமுத்திராபட்டி, நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி, அப்புறம் பழனி. சுமார் 160 கிலோமீட்டர் வரும். வயதானவர்களும் பெண்களும் கலந்த குழு என்பதால் ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. குழுவில் பெண்கள் தங்கும் ஏற்பாடு என் பொறுப்பு. அதனால் இதில் பெண்கள் சங்கதி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதே வழியில் நகரத்தார் காவடிகள் பல தலைமுறைகளாகப் போகின்றன. எந்த ஊரில், எந்த இடத்தில் தங்கல் என்பதெல்லாம் அவர்களுக்கு வழிவழியாக வந்த ஏற்பாடு. எங்களைப் போன்ற ஊர்க்குழுக்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது, வருஷா வருஷம் அலைய வேண்டும். அந்தக் காவடிகள் எந்தத் தேதியில் எந்த ஊரில் தங்குகின்றன என்பதைப் பெரியப்பா முதலிலேயே விசாரித்து வந்துவிடுவார். அன்றைக்கு அந்த ஊரைத் தாண்டியோ, அதற்கு முன்னாலேயோ எங்கள் தங்கலை வைத்துக்கொள்வோம். ஒரே ஊரில் எல்லாரும் போய் விழுந்தால் குளிக்கத் தண்ணீர் மிஞ்சாது.

இடம் தேடப் போகும்போது கையில் காலண்டர் இருக்க வேண்டும். தைப்பூசம் ஒரே தேதியில் வருவதில்லை. 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. இந்த இரண்டு வார வித்தியாசம் பையையே மாற்றிவிடும். ஜனவரியில் வந்தால் பொங்கல் முடிந்த கையோடு கிளம்ப வேண்டும், எங்கள் பக்கத்துச் சாலைகளில் மஞ்சுவிரட்டுக் கூட்டம் ஓய்ந்திருக்காது, விடியற்காலைப் பனி எலும்பில் இறங்கும். பிப்ரவரி இரண்டாம் வாரம் என்றால் பனி இருந்தாலும் பகல் பதினொரு மணிக்கே தார்ச்சாலை சுட ஆரம்பித்துவிடும். முதலாவதற்கு ஸ்வெட்டர் முக்கியம். இரண்டாவதற்குத் தலைக்குப் போடும் துண்டும் தண்ணீரும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, புதிதாகக் குழு சேர்ப்பவர்கள் இதில்தான் திண்டாடுவார்கள். மார்கழி முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்த மண்டபங்கள் தை பிறந்ததும் கல்யாணத்துக்குப் போய்விடும். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது. அப்படியென்றால் நாம் நடக்கிற நாட்கள் அத்தனையும் வளர்பிறை. வளர்பிறை முகூர்த்தத்தைத்தான் கல்யாண வீட்டுக்காரர்கள் முதலில் பிடிப்பார்கள். முகூர்த்தம் காலையில்தானே என்று நினைக்கக் கூடாது, முதல் நாள் மதியத்திலிருந்தே மண்டபம் அவர்கள் கையில். அதனால் ஐப்பசியிலேயே காலண்டரை விரித்து, முகூர்த்த நாட்களை வட்டம் போட்டு, அதற்கு முந்தைய இரவுகளுக்குப் பள்ளிக்கூடம், ரைஸ் மில், தோப்பு என்று வேறு இடம் பார்க்க வேண்டும். மற்ற இரவுகளுக்கு மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட வேண்டும். வளர்பிறையால் ஒரு நன்மையும் உண்டு, பௌர்ணமி நெருங்க நெருங்க ராத்திரி நடைக்கு நிலா துணைக்கு வரும்.

ரைஸ் மில் நல்ல இடம்தான். சிமென்ட் களம், போர் தண்ணீர், ஆட்களுக்கென்று கட்டிய கழிப்பறை எல்லாம் இருக்கும். ஆனால் தை அறுவடைக் காலம். நெல் அவிக்கிற மில்லாக இருந்தால் களம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருக்கும், படுக்க இடம் இருக்காது. போன் போட்டுக் கேட்டால் "வாங்க வாங்க, இடத்துக்கு என்ன பஞ்சம்" என்றுதான் சொல்வார்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் என்றால் வேலை நாளில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் திறந்துவிடுவார்கள். நடுச்சாமத்தில் எழுந்து கிளம்புகிற நமக்கு அதுவே தோது.

நானும் பெரியப்பாவும் டிவிஎஸ் எக்ஸெல்லில் போய் ஒவ்வொரு இடத்தையும் பார்த்துவிட்டு வருவோம். அவர் ஹாலைப் பார்ப்பார், நான் நேரே பின்பக்கம் போவேன். எத்தனை கழிப்பறை, மோட்டார் ஓடுகிறதா, தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா. நாற்பது பேர் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே நேரத்தில் எழுந்தால் இரண்டு கழிப்பறை எந்த மூலைக்கு? கல்யாணத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் போவார்கள், அதனால் மண்டபம் கட்டியவருக்கு அது போதும் என்று தோன்றியிருக்கும். நமக்குக் குறைந்தது நான்கு வேண்டும். இல்லாவிட்டால் பெண்களை அரை மணி நேரம் முன்னால் எழுப்பிவிடுவேன். முனகுவார்கள், முனகட்டும்.

தாழ்ப்பாள் விஷயத்தைச் சின்னது என்று நினைக்காதீர்கள். பத்து இடத்தில் நான்கு இடத்திலாவது கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருக்கும். கொக்கி இருக்கும், அது மாட்டுகிற வளையம் இருக்காது. என் தோள்பையில் எப்போதும் நீளமாக ஒரு நைலான் கயிறு கிடக்கும். ஒரு முனையில் சுருக்கு. கதவின் கைப்பிடியில் சுருக்கை மாட்டி, மறு முனையைக் குழாயில் இரண்டு சுற்று சுற்றினால் கதவு அசையாது. அதே கயிறு மத்தியானம் துணி காயப்போடுகிற கொடி. எங்கள் குழுப் பெண்கள் பையைக் கொட்டிப் பார்த்தால் சாமி படம் இருக்கிறதோ இல்லையோ, இந்தக் கயிறு இருக்கும்.

காவடிக்கும் இடம் பார்க்க வேண்டும். காவடியைக் கண்ட இடத்தில் சாத்தி வைக்க முடியாது. மண்டபம் என்றால் மணமேடை காவடிக்கு. அந்தப் பக்கம் கால் நீட்டிப் படுக்க மாட்டோம். ஆக ஹாலில் நூறு பேர் படுக்கலாம் என்று உரிமையாளர் சொன்னால், எனக்கு அது அறுபது பேர் கணக்கு. சர்க்கரைக் காவடி எடுப்பவர்கள் இருந்தால் எறும்பையும் கவனிக்க வேண்டும். வைத்த இடத்தைச் சுற்றி மஞ்சள்தூள் தூவிவிடுவது எங்கள் வழக்கம்.

எல்லாம் பேசி முன்பணமும் கொடுத்த பிறகும் கை விரிக்கிறவர்கள் உண்டு. ஒரு ஊரில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டி, சீரியல் லைட் எரிந்துகொண்டிருந்தது. கூட வாடகை கிடைக்கிறது என்று கல்யாண வீட்டுக்காரர்களுக்கு விட்டுவிட்டார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் படுக்கிறதுக்கு? அன்றைக்கு ராத்திரி சாலையோரத் தோப்பில்தான். வண்டியில் தார்ப்பாய் இருந்ததால் தப்பித்தோம். அதிலிருந்து எந்த ஊராக இருந்தாலும் இரண்டாவதாக ஓர் இடத்தைப் பேசி வைத்துக்கொள்கிறோம். மண்டபத்தில்தான் தங்கல் என்று உறுதியாகத் தெரிந்தாலும் தார்ப்பாய் வண்டியை விட்டு இறங்குவதில்லை.

இனி படுக்கை. மண்டபத் தரை டைல்ஸோ கிரானைட்டோ, எதுவானாலும் நத்தம் பக்கம் தை மாத ராத்திரியில் ஐஸ் கட்டிதான். மேலே இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு கீழே வெறும் துண்டை விரித்துப் படுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள். குளிர் கீழேயிருந்துதான் ஏறுகிறது. இருக்கிற இரண்டில் ஒன்றைக் கீழே போடுங்கள். எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த மலிவான விரிப்பு பழைய ஃப்ளெக்ஸ் பேனர். ஈரம் ஏறாது, முள் குத்தாது, சுருட்டி வண்டியில் ஒரு மூலையில் செருகிவிடலாம். அதன்மேல் மடக்குகிற பிளாஸ்டிக் பாய், அதற்கு மேல் போர்வை. ஃப்ளெக்ஸில் இருக்கும் தலைவர் முகம் தரையைப் பார்க்கும்படி விரிப்பது நல்லது. எந்தக் கட்சியாக இருந்தாலும் குழுவில் அந்தக் கட்சிக்காரர் ஒருவர் இருப்பார்.

போர்வையை இரண்டாக மடித்து, அடிப்பக்கத்தையும் ஒரு பக்கவாட்டையும் வீட்டிலேயே தைத்துக் கொண்டுவந்துவிடுங்கள். உள்ளே நுழைந்து படுத்தால் புரண்டாலும் விலகாது. பெண்களுக்கு இது இன்னொரு வகையில் நிம்மதி, திறந்த ஹாலில் தூங்கும்போது சேலை விலகுமோ என்ற கவலை வேண்டாம். தலைக்குக் குரங்குக் குல்லா. காற்றடிக்கிற தலையணையை எனக்குப் பிடிக்கவில்லை, ராத்திரி முழுக்கக் கிறீச் கிறீச்சென்று சத்தம். மறுநாள் உடுத்தும் துணியைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டால் எழுந்ததும் இருட்டில் தேட வேண்டியதில்லை. கொசுவர்த்தியைக் கூட்டமாகப் படுக்கிற இடத்தில் ஏற்றாதீர்கள், பாதிப் பேர் இருமுவார்கள். ஓடோமாஸ் தடவிக்கொள்ளுங்கள்.

செல்போன் சார்ஜ். மண்டபத்தில் ப்ளக் பாயின்ட் மேடையருகே இரண்டு, சமையல்கட்டில் ஒன்று என்றுதான் இருக்கும். ஆறு ப்ளக் உள்ள ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று குழுவுக்குப் பொதுவாக எடுத்துப் போங்கள். சார்ஜரில் பெயர் எழுதி ஒட்டுங்கள், எல்லாம் ஒரே வெள்ளை.

இப்போது பை. குழுவோடு ஒரு குட்டியானை, அதாவது சின்னச் சரக்கு வண்டி, வரும். அரிசி, சிலிண்டர், பாத்திரம், எல்லாருடைய பைகளும் அதில்தான். வண்டி இருக்கிறதே என்று வீட்டையே கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, வண்டிதான் இருக்கிறதே என்று தோளில் ஒன்றும் இல்லாமல் கைவீசி வருகிறவர்களும் உண்டு. ராத்திரி இரண்டரை மணிக்கு வண்டி ஏறிய பை, மறுபடி கையில் கிடைக்கக் காலை பத்து மணி ஆகும். அந்த ஏழெட்டு மணி நேரத்துக்கு என்ன வேண்டுமோ அது தோளில் இருக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர், துண்டு, டார்ச், போன், ஆதார் நகல், சில்லறை, நான்கு கடலை மிட்டாய், ஒரு உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், ஊக்கு, காலுக்கு வேண்டிய மருந்து, அந்தக் கயிறு. பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தோள்பையில்தான் வைக்க வேண்டும், வண்டிப் பையில் போடவே கூடாது. வண்டி பஞ்சராகி நின்றால் மாத்திரையும் நிற்கும். தோள்பை எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவைத் தாண்டினால் ஏதோ ஒன்று அதிகம்.

வண்டிப் பையில் இரண்டு மாற்றுத்துணி, படுக்கை, சோப்பு, பல்துலக்கும் சாமான், ஈரத்துணிக்கு ஒரு பாலிதீன் பை, அவ்வளவுதான். துணியை உள்ளேயும் ஒரு பாலிதீன் உறையில் போட்டுவிடுங்கள். பனிக்காக மட்டும் சொல்லவில்லை, சாம்பார் வாளி பக்கத்தில்தான் உங்கள் பை பயணம் செய்கிறது. எங்கள் பக்கம் எல்லாரிடமும் ஜவுளிக்கடையில் கொடுத்த அதே கட்டைப்பைதான் இருக்கும். நாற்பது கட்டைப்பை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்போது எது யாருடையது? பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கைப்பிடியில் முடிந்துவிடுங்கள். கரை இரண்டு பேருக்கு ஒன்றாக அமையாது.

கால்தான் எல்லாவற்றுக்கும் மேல். வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் குழுவில் பாதி. மாலை போட்ட அன்றிலிருந்தே செருப்பை விட்டுவிடுவார்கள், அது விரதம் மட்டுமல்ல, பாதத்துக்குப் பயிற்சியும் ஆகிவிடுகிறது. மாலை போட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தால் பயன் கிடையாது. தார்ச்சாலையில் சாயங்காலம் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு மணி நேரம் என்று கூட்ட வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் அடுத்தடுத்து இரண்டு நாள் 15 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். முதல் நாள் யாரும் நடந்துவிடலாம். இரண்டாம் நாள் காலையில் எழுந்து பாதத்தை ஊன்றும்போது எங்கே வலிக்கிறதோ, பழனி வழியிலும் அங்கேதான் வலிக்கும்.

வெயில் ஏறிய பிறகு வெறுங்காலில் போகிறவர்களைக் கவனியுங்கள், சாலையோரத்து வெள்ளைக்கோட்டின்மேல் வரிசையாகப் போவார்கள். கருப்புத் தாரைவிட அந்தப் பெயின்ட் சூடு குறைவு, வழவழப்பாகவும் இருக்கும், சின்ன ஜல்லி பாதத்தில் ஏறாது. கோட்டை விட்டு மண்ணில் இறங்கலாமே என்று தோன்றும். சிங்கம்புணரி வரைக்கும் ஓரமெல்லாம் சீமைக்கருவேலம், அதன் முள் காய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். நுனி முறிந்து உள்ளே நின்றுவிட்டால் நடக்க நடக்க ஆழம் போகும். அதை எடுக்க ஊக்கைவிடப் புருவம் திருத்துகிற சாமணம் நல்லது. டார்ச்சை ஒருவர் பிடிக்க வேண்டும், இன்னொருவர் எடுக்க வேண்டும். எங்கள் குழுவில் இதற்கென்றே ஒரு ஆச்சி இருக்கிறார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "ஆடாம இருடி" என்று பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டால் அரை நிமிஷத்தில் முள் வெளியே வந்துவிடும்.

செருப்புப் போட்டு நடக்கிறவர்களுக்கு ஒரே விதிதான், புதுசு கூடாது. கடையில் அளவு பார்க்கும்போது கால் வீங்கியிருக்காது, மூன்றாம் நாள் வீங்கியிருக்கும். பழகிய, கொஞ்சம் தாராளமான செருப்பு வேண்டும். விரலிடுக்கில் வார் போகிற ரப்பர் செருப்பு நீண்ட நடைக்கு ஆகாது, இடுக்கை அறுத்துவிடும். குளிக்கவும் கழிப்பறைக்கும் அது போதும். வெறுங்காலுக்கும் செருப்புக்கும் நடுவில், சூடு தாங்காமல் வெறும் சாக்ஸ் மட்டும் போட்டு நடக்கிறவர்களும் உண்டு. பருத்தி சாக்ஸாக இரண்டு மூன்று ஜோடி இருந்தால் போதும், கிழிந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்க நேர்ந்துகொண்டால் நான் நேரடியாகவே தடுப்பேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் உடைந்து புண்ணானதுகூடத் தெரியாது. "முருகன் பார்த்துப்பான்" என்பார்கள். டாக்டரிடம் பாதத்தைக் காட்டிவிட்டு வரச்சொல்வேன், செருப்போடு வந்தாலும் முருகன் ஒன்றும் திருப்பி அனுப்ப மாட்டான்.

கொப்புளம் வராத ஆள் கிடையாது. தோலை உரிக்காதீர்கள், அந்தத் தோல்தான் கட்டு. சின்னதாக இருந்தால் அப்படியே பிளாஸ்திரி போட்டு விடுங்கள். நடக்கவே விடாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடித்து, ஆயின்மென்ட் போட்டுத் துணி சுற்றுங்கள். வழிநெடுக மருத்துவ முகாம் போட்டிருப்பார்கள், அங்கே காட்டுவது இன்னும் உத்தமம். கிளம்பும் முன் பாதத்துக்கு மருதாணி வைத்துக்கொள்வது எங்கள் பெண்களின் வழக்கம். தங்கலுக்கு வந்ததும் வெந்நீரில் காலை ஊறவைப்பது சுகம்தான், ஆனால் ஊற ஊறத் தோல் இளகி மறுநாள் இன்னும் சீக்கிரம் கொப்பளிக்கும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, சுவரில் கால் இரண்டையும் தூக்கிச் சாய்த்துக் கொஞ்ச நேரம் படுங்கள். கல்யாண மண்டபச் சுவர் நெடுக நாற்பது ஜோடிக் கால்கள் சாய்ந்திருப்பது பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

பாதத்துக்கு அடுத்தபடி உரசல். தொடை இடுக்கில் தேங்காயெண்ணெயோ வாசலினோ காலையிலேயே தடவிவிட வேண்டும், எரிய ஆரம்பித்த பிறகு தடவிப் பிரயோஜனம் இல்லை. பெண்களுக்கு இன்னொரு இடம் பாவாடை நாடா. வியர்வையில் நனைந்த நாடா இடுப்பில் ஒரே கோட்டில் உரசி, இரண்டாம் நாள் தோல் வழன்றுவிடும். நைலான் நாடாவை உருவிவிட்டு அகலமான பருத்தித் துணியில் நாடா தைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சுடிதார் பழக்கம் உள்ளவர்கள் தளர்வான பருத்திப் பேன்ட், சேலைதான் கட்டுவேன் என்கிறவர்கள் உள்ளே லெகின்ஸ். காவியோ பச்சையோ, எதுவானாலும் மெல்லிசுத் துணியாக இருக்கட்டும். கனத்த துணி பனிக்காலத்தில் ஒரு பகலில் காயாது. அரைகுறையாகக் காய்ந்ததை ஊக்குப் போட்டு முதுகுப் பக்கம் தொங்கவிட்டு நடந்தால் வழியிலேயே உலர்ந்துவிடும்.

மாதவிலக்கு பற்றிக் குழுவுக்குக் குழு வழக்கம் வேறு. எங்கள் குழுவில் மாலை போடும்போதே பெண்களிடம் தனியாகப் பேசிவிடுகிறேன், நடுவழியில் யாரும் சங்கடப்பட வேண்டாம். தேதி தள்ளித்தான் இருக்கிறது என்றாலும் நாப்கின் இரண்டும் பழைய செய்தித்தாளும் தோள்பையில் இருக்கட்டும். நடை அலைச்சலில் முன்பின் ஆவது சகஜம்.

ராத்திரி நடையில் பயம் திருட்டோ பாம்போ இல்லை, வண்டிதான். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்கு லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவருக்கு இருட்டில் காவி வேட்டி எங்கே தெரியும்? திண்டுக்கல் தாண்டினால் போலீஸாரே ஒளிரும் ஸ்டிக்கரும் குச்சியும் கொடுப்பதுண்டு. ஆனால் நாம் அதற்கு முன்னாலேயே பல ராத்திரி நடந்திருப்போம். ஊரிலேயே வாங்கி ஒவ்வொருவர் முதுகுப் பக்கமும் பையிலும் காவடியிலும் ஒட்டிவிடுங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாகப் போக வேண்டும். பழனி நெருங்க நெருங்கப் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று கல் பதித்த தனிப்பாதை பல இடங்களில் இருக்கிறது, அதை விட்டுச் சாலையில் ஏறாதீர்கள். காதில் இயர்போன் மாட்டிய ஆளை எங்கள் குருசாமி வரிசையிலிருந்து இறக்கிவிடுவார்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டினி கிடக்க வழியே இல்லை, பத்தடிக்கு ஒரு அன்னதானம். சுக்குமல்லி காபி, மோர், தக்காளி சாதம், பொங்கல் என்று கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கூப்பிடுகிறார்களே என்று எல்லா இடத்திலும் வாங்கினால் வயிறு நடக்க விடாது. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் தோள்பையில் இருந்தால் பேப்பர் கப் குப்பை குறையும்.

கடைசி இரவைப் பழனியில் வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். தண்டபாணி நிலையம் போன்ற தேவஸ்தான விடுதிகளும் தனியார் லாட்ஜ்களும் பூசத்துக்கு வெகுநாள் முன்பே நிரம்பிவிடும், மிஞ்சியதன் வாடகை நமக்குக் கட்டுபடியாகாது. நாங்கள் சத்திரப்பட்டி பக்கம் தங்கிவிட்டு, இருட்டோடு கிளம்பி விடியும்போது பழனிக்குள் நுழைவோம். சண்முகநதியில் குளிப்பதா, இடும்பன் குளத்திலா என்பதை அன்றைய கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்வது. மலையில் ராத்திரி தங்குகிற பாக்கியம் எடப்பாடிக் காவடிக்காரர்களுக்கு மட்டும்தான். பூசக் கூட்டம் வடிந்த பிறகு அவர்கள் வந்து, மலைமேலேயே பஞ்சாமிர்தம் செய்து, தங்கிவிட்டு இறங்குவார்கள்.

2023 அக்டோபர் 1 முதல் மலைமேல் செல்போன் கொண்டுபோகத் தடை. அடிவாரத்தில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் டோக்கனில் நான்கு பேர் போனைக் கொடுத்துவிட்டு அவரைக் கூட்டத்தில் தொலைத்தவர்கள் உண்டு. குழுவாகப் போகிறவர்கள் மலை ஏறும் முன்பே, இறங்கியதும் எங்கே, எத்தனை மணிக்குக் கூடுவது என்று வாயால் சொல்லி எல்லாரையும் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். பாத விநாயகர் கோயில் எல்லாருக்கும் தெரிந்த இடம் என்று அங்கே கூடச் சொல்வார்கள். எல்லாக் குழுவும் அங்கேதான் கூடும், நெரிசலில் ஒருவரும் கண்ணில் பட மாட்டார்கள். நாங்கள் திருஆவினன்குடி பக்கம் வைத்துக்கொள்கிறோம். முடியாதவர்கள் விஞ்ச்சுக்கோ ரோப்காருக்கோ போகலாம் என்று நினைத்தால், அன்றைக்கு அந்த வரிசையில் நிற்கும் நேரத்தில் யானைப் பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறிவிடலாம்.

ஊர் திரும்பப் பஸ்தான். பூசத்துக்குச் சிறப்பு பஸ் நிறைய விடுகிறார்கள். குட்டியானை மட்டும் நடந்து வந்த வழியே திரும்பி வரும், அதில் பெரியப்பாவும் நானும் ஏறிக்கொள்வோம். தங்கின இடங்களில் ஒவ்வொன்றாக நிறுத்திக் கணக்கு முடிப்போம். வாட்ச்மேனுக்கும் கழிப்பறை கழுவின அம்மாவுக்கும் கையில் தனியாகக் கொடுத்து, ஒரு டப்பா பஞ்சாமிர்தமும் திருநீறும் கொடுத்தால் முகம் மலர்ந்துவிடும். நத்தத்தில் உரிமையாளரிடம் அடுத்த தைக்கும் ஒரு தொகையைக் கையில் வைத்தோம். "தேதி என்னன்னு சொல்லுங்க" என்றார். "புதுப் பஞ்சாங்கம் வரட்டும்ணே, முகூர்த்தம் பார்த்துட்டுச் சொல்றோம்" என்றார் பெரியப்பா. பெண்கள் பக்கத்துக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லி நான் இன்னொரு தடவை சொல்லிவிட்டு வண்டியேறினேன்.